பி தியேட்டர் ஸ்டார் ஆன கதை: நடிகை பினோதினியின் பற்று வரவு

2024 டிசம்பர் கடைசியில் மேற்கு வங்க முதல்வர் மம்தா பானர்ஜி ஓர் அறிவிப்பு செய்தார். கொல்கத்தாவின் ஸ்டார் தியேட்டர் இனி பினோதினி தியேட்டர் என்று அழைக்கப்படும். நல்ல விஷயம்தான். ஆனால் ஹாதிபாகானில் இருக்கும் அந்தக் கட்டடத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டு வங்க நாடக நடிகையான பினோதினி ஒரு நாள்கூட வேஷம் கட்டியதில்லை. அது 1888இல் திறந்தது. அவர் 1887 தொடக்கத்திலேயே மேடையை விட்டுப் போய்விட்டார். அவர் கூடையில் மண் சுமந்து எழுப்பிய கொட்டகை பீடன் தெருவில் இருந்தது. பிற்பாடு சாலை போடுவதற்காக அதை இடித்துவிட்டார்கள்.

பினோதினி தாசி என்றாலே இந்தப் பெயர் விவகாரம்தான் பேச்சில் வரும். கொட்டகைக்கு உன் பெயரை வைக்கிறோம் என்றார்கள், வைக்கவில்லை, ஏமாற்றினார்கள். சினிமாவும் மேடையும் திரும்பத் திரும்பச் சொன்ன கதை அது. நான் அதைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு வரவு செலவைப் பார்க்கிறேன். யார் என்ன போட்டார்கள், யார் கைக்கு என்ன வந்தது என்று பார்த்தால், பெயரைவிடப் பெரிதாக ஒன்று அவர் கையை விட்டுப் போனது தெரிகிறது. அது போன விதமும் விசித்திரமானது. யாரும் பறிக்கவில்லை. நல்லெண்ணத்தோடு சொன்ன ஒரு புத்திமதியில் போனது.

ஆதாரம் பெரும்பாலும் அவரே எழுதியதுதான். 1912 வாக்கில் வந்த சுயசரிதை ‘அமார் கதா’, அப்புறம் 1924-25இல் ஒரு நாடகப் பத்திரிகையில் தொடராக வந்த நினைவுகள். ஒருதரப்பு வாக்குமூலம் என்று சொல்லலாம். ஆனால் தன் பக்கத்துக் கறைகளையும் மறைக்காமல் எழுதும் சாட்சி அவர்.

பத்து ரூபாய்ச் சம்பளம்

1863 வாக்கில் கல்கத்தாவின் கார்ன்வாலிஸ் தெருவில் பிறந்தார். வீட்டில் பாட்டி, அம்மா, ஒரு தம்பி. சொந்தமாகச் சில ஓட்டு, கூரை அறைகள் இருந்தன. அவற்றை வாடகைக்கு விட்டுத்தான் சோறு. அதுவும் போதாமல் ஐந்து வயதுத் தம்பிக்கு ஒரு குழந்தையைக் கட்டிவைத்து, கல்யாணத்தில் வந்த நகைகளை விற்றுச் சாப்பிட்டார்கள். அந்தத் தம்பியும் சிறு வயதிலேயே இறந்துபோனான். அவர்கள் வீட்டில் கங்காபாய் என்ற பாடகி குடியிருந்தார். பினோதினி பாட்டுக் கற்றது அவரிடம். கங்காபாய் பாட்டைக் கேட்க வந்துபோன இரண்டு பேர்தான் சிறுமியைப் பார்த்துவிட்டு நாடகத்துக்கு அனுப்பச் சொன்னார்கள்.

வங்காளத்தில் காசு கொடுத்து யாரும் போய்ப் பார்க்கும்படியான நாடகம் 1872 டிசம்பரில்தான் தொடங்கியது. நேஷனல் தியேட்டரில் முதல் வகுப்பு டிக்கெட் ஒரு ரூபாய், இரண்டாம் வகுப்பு எட்டணா. முதலில் பெண் வேஷமும் ஆண்கள்தான் போட்டார்கள். 1873இல் பெங்கால் தியேட்டர் நான்கு பெண்களை மேடையேற்றியது. நால்வரும் தாசித் தெருவிலிருந்து வந்தவர்கள். இது பிடிக்காமல் சமூகச் சீர்திருத்தவாதி வித்தியாசாகர் அந்தத் தியேட்டரின் குழுவிலிருந்தே விலகிவிட்டார். விதவை மறுமணத்துக்காக ஊரையே எதிர்த்து நின்றவருக்கு இது தாங்கவில்லை. பினோதினி காலெடுத்து வைத்த உலகம் இதுதான்.

1874 கடைசியில் கிரேட் நேஷனல் தியேட்டரில் சேர்ந்தார். வயது பதினொன்று, பன்னிரண்டு இருக்கும். மாதம் பத்து ரூபாய். நேஷனல் தியேட்டரின் அந்த முதல் வகுப்பு டிக்கெட் கணக்கில் பார்த்தால் பத்து டிக்கெட் வாங்கலாம், அவ்வளவுதான். முதல் வேஷம் திரௌபதியின் தோழி. நாலு வரி வசனம். கால் நடுங்க, நெஞ்சு படபடக்கப் பேசி முடித்துவிட்டு உள்ளே ஓடி வந்திருக்கிறார். வெளியே கைதட்டல். அது எதற்கு என்றே அவருக்குத் தெரியவில்லை. நன்றாக நடித்தால் சந்தோஷத்தில் ஜனங்கள் அப்படித் தட்டுவார்கள் என்று மற்றவர்கள் பிறகு விளக்கிச் சொன்னார்களாம். இந்த இடத்தைப் படித்துவிட்டு நான் சற்று நிறுத்தினேன். நாடகமே பார்த்துப் பழகாத ஒரு பிள்ளையை நேரே நடிக்க அனுப்பியிருக்கிறார்கள்.

அடுத்த வருடம் அம்மா துணைக்கு வர, கம்பெனியோடு டெல்லி, லாகூர், லக்னோ என்று சுற்றுப்பயணம். லக்னோவில் ‘நீல் தர்ப்பண்’ போட்டார்கள். அவுரித் தோட்ட வெள்ளைக்காரர்களின் கொடுமையைச் சொல்லும் நாடகம், பார்க்க வந்தவர்களில் நிறையப் பேர் வெள்ளைக்காரர்கள். கதையில் துரையை ஒரு குடியானவன் அடித்துப் புரட்டும் இடம் வந்ததும் சிப்பாய்கள் உருவிய வாளோடு மேடையில் ஏறிவிட்டார்கள். நடிகைகள் உள்ளே அழுதுகொண்டு ஒளிந்திருந்தார்கள். மேஜிஸ்ட்ரேட் நாடகத்தை நிறுத்த, கம்பெனி அவசர அவசரமாக மூட்டை கட்டியது.

பிறகு பெங்கால் தியேட்டர், சம்பளம் இருபத்தைந்து ரூபாய். அங்கே மேடைத் தளம் மண். அதனால் குதிரையே மேடைக்கு வரும். ஒரு நாள் வீராங்கனை வேஷத்தில் குதிரைமேல் இருந்தபோது மண் தளம் சரிந்து குதிரை இடறியது. பினோதினி கீழே விழுந்தார். நாடகம் இன்னும் பாக்கி இருந்தது. மருந்து போட்டு முழங்காலில் கட்டுக் கட்டி மறுபடியும் அனுப்பினார்கள், அவரும் போய் நடித்தார். அங்கேதான் பங்கிம் சந்திரர் தன் நாவலின் நாடகத்தைப் பார்க்க வந்து, மனோரமா என்ற பாத்திரத்தை எழுத்தில்தான் வைத்திருந்தேன், நேரில் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை என்று சொன்னது.

நாடகம் பார்க்கப் போவதும் வேலை

1877 வாக்கில் கிரீஷ் சந்திர கோஷின் கையில் வந்து சேர்ந்தார். தமிழில் ராமகிருஷ்ணர் வரலாறு படித்தவர்களுக்கு அறிமுகமான அதே கிரீஷ்தான், குடிகாரராக இருந்து பக்தரானவர். நாடகாசிரியர், நடிகர், எல்லாவற்றுக்கும் மேலாக வாத்தியார். அதுவரை கிளிப்பிள்ளையாக ஒப்பித்துக்கொண்டிருந்தேன், பாத்திரத்தைப் புரிந்துகொண்டு நடிக்க இவர்தான் கற்றுத்தந்தார் என்று பினோதினி எழுதுகிறார். ஷேக்ஸ்பியர், மில்டன், பைரன் எல்லாம் கதையாக வந்து விழும். இங்கிலாந்து மேடையின் சாரா சிடன்ஸ், எலன் டெர்ரி பற்றியும் சொல்வார்.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. வெளிநாட்டு நடிகர்கள் கல்கத்தா வந்தால் பினோதினியை அங்கே நாடகம் பார்க்க அனுப்பி வைப்பார்கள். திரும்பி வந்ததும் கிரீஷ் உட்கார வைத்துக் கேட்பார்: என்ன பார்த்தாய்? எப்படி நடந்தார்கள், எங்கே குரலை இறக்கினார்கள்? பினோதினி பதில் சொல்வார், விட்டுப்போனதை கிரீஷ் எடுத்துக்கொடுப்பார். முறையாகப் படிக்க வழியில்லாத ஒருத்திக்கு அந்த இருக்கைதான் கல்லூரி. அவர் நடையுடையிலும் ஒப்பனையிலும் புதுமை இருந்ததாகப் பேசப்பட்டதற்கு இந்தப் பாடங்களுக்கும் பங்கு இருக்கும் என்று நினைக்கிறேன். கவிஞர் மைக்கேல் மதுசூதனரின் ‘மேகநாத வத’த்தில் ஒரே நாடகத்தில் ஏழு பாத்திரங்கள் ஏற்றார். அதற்கு அழகும் குரலும் மட்டும் போதாது. ஏழு பேர் ஏழு விதமாக நடப்பதைக் கவனித்த கண் வேண்டும்.

அதே சமயம், எந்த இடத்திலிருந்து பார்த்தார் என்பதையும் யோசிக்க வேண்டும். குடும்பப் பெண்கள் நாடகத்துக்கு வந்தால் தனி இடத்தில், மறைப்புக்குப் பின்னால் உட்கார்ந்து பார்ப்பார்கள். நடிகையைப் பார்க்கலாம், நடிகையோடு உட்காரக் கூடாது. பினோதினிக்குக் கொட்டகை முழுக்கத் திறந்திருந்தது. ஆனால் அது அவர் குடும்பப் பெண் இல்லை என்பதால் கிடைத்த சுதந்திரம். பல வருடம் கழித்துத் தன் மகள் சகுந்தலாவைப் பள்ளியில் சேர்க்கப் பார்த்தபோது ஊர் விடவில்லை. அந்தப் பெண் பதின்மூன்று வயதில், 1904இல் இறந்துவிட்டாள்.

மேடையை விட்டும் நாடகம் பார்ப்பதை அவர் விடவில்லை. 1920களில் ஸ்டாரில் ‘கர்ணார்ஜுன்’ ஓடிக்கொண்டிருந்த காலத்தில் அதில் நடித்த அகீந்திர சௌத்ரி, வயதான பினோதினி நாடகம் பார்க்க வருவதைத் தன் நினைவுகளில் குறித்திருக்கிறார்.

ஐம்பதாயிரம் வேண்டாம், கொட்டகை வேண்டும்

1880களின் தொடக்கத்தில் நேஷனல் தியேட்டர் பிரதாப் சந்த் ஜஹூரி என்ற நகை வியாபாரியின் கையில் இருந்தது. கிரீஷ் பார்க்கர் கம்பெனியில் 150 ரூபாய் உத்தியோகத்தை உதறிவிட்டு 100 ரூபாய்க்கு அங்கே மேனேஜராகப் போனவர். ஜஹூரி வியாபாரி, தியேட்டரையும் கடை மாதிரி நடத்தினார். பினோதினி பதினைந்து நாள் லீவில் காசிக்குப் போனார். அங்கே உடம்பு சரியில்லாமல் போய்த் திரும்பி வர ஒரு மாதம் ஆகிவிட்டது. வந்து சம்பளம் கேட்டால், லீவுக்குச் சம்பளமா என்றார் முதலாளி. பினோதினிக்குக் கோபம். கிரீஷுக்கும் மற்ற நடிகர்களுக்கும் ஏற்கெனவே மனக்கசப்பு. நமக்கென்று ஒரு கொட்டகை வேண்டும் என்ற பேச்சு அங்கே ஆரம்பித்தது.

பணம் யாரிடமும் இல்லை. இந்த இடத்தில் குர்முக் ராய் வருகிறார். இருபது வயதை ஒட்டிய மார்வாடி இளைஞர், பெரும் பணக்காரர். கொட்டகை கட்டித் தருகிறேன், பினோதினி எனக்கு வேண்டும் என்றார். பேச்சுவார்த்தை அவ்வளவு வெளிப்படையானது. பினோதினிக்கு அப்போது வேறோர் ஆதரவாளர் இருந்தார், ஜமீன் வீட்டுப் பையன். கிரீஷ் உட்பட எல்லோரும் சேர்ந்து பினோதினியிடம் கெஞ்சினார்கள்: நீ மனசு வைத்தால்தான் கொட்டகை.

பழைய ஆதரவாளர் சும்மா விடவில்லை. அடியாட்களைச் சேர்த்துத் தகராறு செய்தார். ஒரு நாள் விடியற்காலை பினோதினி தூங்கிக்கொண்டிருந்தபோது உருவிய வாளோடு அறைக்குள் வந்தார். வெட்டியது தலைக்குத் தப்பி ஹார்மோனியத்தில் விழுந்தது. அந்த நேரத்தில் பினோதினி பேசிய பேச்சைச் சுருக்கமாகச் சொன்னால்: என்னைக் கொன்றுவிட்டு நீ தூக்கில் தொங்குவாயா, ஒரு தாசியின் உயிருக்காக உன் குலப் பெயரைக் கெடுத்துக்கொள்வாயா? அவர் வாளைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டாராம். நல்ல நடிகைதான்.

இதற்கிடையில் குர்முக் ராயே பேரத்தை மாற்றிப் பார்த்தார். கொட்டகை எதற்கு, ஐம்பதாயிரம் ரூபாய் கையில் தருகிறேன், நாடகத்தை விட்டுவிடு என்றார். பத்து ரூபாயில் தொடங்கியவருக்கு அது எத்தனை பெரிய தொகை என்று சொல்ல வேண்டியதில்லை. பினோதினி மறுத்தார். கொட்டகை கட்டினால்தான் ஆச்சு என்றார்.

மண் கூடை

பீடன் தெருவில் 68ஆம் எண் மனையைக் குத்தகைக்கு எடுத்து வேலை தொடங்கியது. ஒத்திகை முடிந்ததும் எல்லோரும் வீட்டுக்குப் போவார்கள், பினோதினி கட்டட வேலைக்குப் போவார். பார்வையாளர் உட்காரும் பிட்டும் பின் இருக்கைப் பகுதியும் மேடாக வேண்டும். அதற்கான மண்ணைத் தானே கூடையில் சுமந்து கொட்டினார். கூலியாட்கள் சோர்ந்தால் கூடைக்கு நாலு சோழி என்று கணக்கு வைத்து ஊக்கம் கொடுத்தார். தியேட்டருக்கு உன் பெயரில் பி தியேட்டர் என்று வைக்கிறோம் என்று அவர்கள் சொல்லியிருந்தார்கள்.

பதிவு செய்யப் போனவர்கள் திரும்பி வந்ததும் ஓடிப்போய்க் கேட்டார்: என்ன பெயர் வைத்தீர்கள்? ஸ்டார். இரண்டு நிமிடம் பேச்சே வரவில்லை என்று எழுதுகிறார். பிறகு, நல்லது என்று மட்டும் சொன்னாராம். தாசியின் பெயர் இருந்தால் பெரிய மனிதர்கள் வர மாட்டார்கள் என்பது அவர்கள் போட்ட கணக்காக இருக்கலாம். ஆனால் பெயர்ப்பலகையில் ஒரு பெண்ணை ஒளித்துவிட்டு அதே பெண்ணை தக்ஷனின் மகள் சதிதேவி வேஷத்தில் நிறுத்தித்தான் 1883 ஜூலை 21 அன்று ‘தக்ஷ யக்ஞ’த்தோடு கொட்டகையைத் திறந்தார்கள். போதாததற்கு, அவரைச் சம்பள நடிகையாகக்கூட வைத்துக்கொள்ள வேண்டாம் என்று சிலர் முயன்றிருக்கிறார்கள். சுமார் இரண்டு மாதம் வீட்டில் உட்கார வேண்டியிருந்தது என்கிறார்.

அடுத்த ஆண்டு ஆகஸ்டில் ‘சைதன்ய லீலா’. வைணவத் துறவி சைதன்யரின் கதை, பினோதினிதான் சைதன்யர். கல்கத்தாவே திரண்டு வந்தது. 1884 செப்டம்பர் 21 அன்று ராமகிருஷ்ண பரமஹம்சர் வந்து பார்த்துவிட்டு அவர் தலையில் கைவைத்து ஆசீர்வதித்தார். அசலும் நகலும் ஒன்றாகவே தெரிந்தது என்று அவர் சொன்னது ஊரெல்லாம் பரவியது. இந்த அத்தியாயத்தைப் பலரும் விரிவாக எழுதிவிட்டார்கள். நமக்கு வேண்டியது இதன் பொருளாதாரப் பக்கம் மட்டும்: நாடகக்கொட்டகை என்றால் முகம் சுளித்த வீடுகளிலிருந்து பக்தியின் பேரில் கூட்டம் வர ஆரம்பித்தது. அந்தக் கூட்டத்தின் வசூல் யாருக்குப் போனது என்பதற்குப் பதில், அதற்குச் சில மாதங்கள் முன்பே முடிவாகியிருந்தது.

அரைப்பங்கு

திறந்த சில மாதங்களிலேயே குர்முக் ராய் வீட்டு நெருக்கடியாலும் உடல்நலக் குறைவாலும் தியேட்டரைக் கைவிட முடிவு செய்தார். போகும்போது பினோதினிக்குச் சரிபாதி கொடுத்துவிட்டுப் போக நினைத்தார். பினோதினி இல்லாமல் இந்தக் கொட்டகையே இல்லை என்பது அவருக்குத் தெரியும். பேச்சு பினோதினியின் அம்மாவிடம் வந்தது. கிரீஷ் வந்து அம்மாவிடம் சொன்னதை பினோதினி அப்படியே பதிவு செய்திருக்கிறார். அதன் சாரம்: உங்களுக்கு இந்தத் தொல்லையெல்லாம் வேண்டாம், பெண்களால் தாங்க முடியாது. நாம் இஞ்சி வியாபாரிகள், கப்பல் சங்கதி நமக்கெதற்கு? உன் பெண்ணை விட்டுவிட்டு நான் வேறெங்கும் போக மாட்டேன். அவள் இல்லாமல் நாடகம் நடக்காது என்பதை யாராலும் மறுக்க முடியாது. நாம் வேலை செய்வோம், சுமையைக் கழுதை முதுகில் ஏற்றுவோம்.

அம்மா ஒப்புக்கொண்டார். வாத்தியார் சொல்லைத் தட்டி பினோதினிக்குப் பழக்கமில்லை. கொட்டகை 11,000 ரூபாய்க்குக் கைமாறியது. அமிர்தலால் மித்ரா, அமிர்தலால் பாசு, ஹரிபிரசாத் பாசு, தாசுசரண் நியோகி என்று நான்கு பேர் உரிமையாளர் ஆனார்கள். அதாவது கழுதைகள்.

இந்த இடம்தான் என் கணக்கில் முதல் இழப்பு, பெயர் இரண்டாவது. கிரீஷ் கெட்ட எண்ணத்தில் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. அவர் தனக்கும் பங்கு கேட்கவில்லை, ஜஹூரியிடம் பட்டதில் முதலாளித்தனம் என்றாலே அவருக்கு அலர்ஜி. நடிகைக்குப் பங்கு போனால் மற்ற நடிகர்கள் கிளம்பிவிடுவார்கள் என்ற பயமும் இருந்திருக்கலாம். ஆனால் ஒரு சம்பள நடிகையின் நிலைமை என்ன? வயது ஏறினால் வேஷம் போகும், வேஷம் போனால் சம்பளம் போகும். மீதி இருப்பது ஆதரவாளர் ஒருவரின் தயவு. அந்தச் சுழலிலிருந்து வெளியே வர வாழ்க்கையில் ஒரே ஒரு முறை பத்திர வடிவில் வழி வந்தது. அதை வேண்டாம் என்று சொல்லவைத்தது அவர் மிகவும் நம்பிய மனிதர்.

பினோதினி மேடையை விட்டபோது வயது இருபத்து மூன்று, இருபத்து நான்கு. மனக்கசப்புகளும் ஏமாற்றங்களும்தான் காரணம் என்று பொதுவாகச் சொல்லி நிறுத்திக்கொள்கிறார். அதன்பின் பல ஆண்டுகள் ஒரு கனவானின் ஆதரவில் இருந்தார். அவர் 1912இல் இறந்ததும் அந்த வீட்டில் இவருக்கு இடமில்லை. சுயசரிதைக்கு கிரீஷிடம் முன்னுரை வாங்கினார். உண்மைகள் பலவற்றை விட்டுவிட்டீர்கள் என்று சொல்லி வேறு எழுதித் தரக் கேட்டார். கிரீஷ் அதற்குள் காலமானார். முதல் பதிப்பு முன்னுரை இல்லாமலே வந்தது.

சரி, கொட்டகை என்ன ஆனது? பினோதினி போன அதே 1887இல் கோபால்லால் சீல் என்ற செல்வந்தருக்கு நாடகக் கொட்டகை நடத்த ஆசை வந்தது. பீடன் தெருக் கட்டடத்தை 30,000 ரூபாய்க்கு வாங்கினார். நான்கு வருடத்தில் 11,000 முப்பதாயிரமானது. பாதிப் பங்கு இருந்திருந்தால் பதினைந்தாயிரம். உரிமையாளர்கள் இன்னொரு காரியமும் செய்தார்கள். கட்டடத்தை விற்றார்கள், பெயரை விற்கவில்லை. ஸ்டார் என்ற பெயருக்கு அதற்குள் ஊரில் மதிப்பு ஏறியிருந்தது, அதை எடுத்துக்கொண்டு ஹாதிபாகானில் புதிதாகக் கட்டினார்கள். சீல் தன் கொட்டகைக்கு எமரால்ட் என்று புதுப்பெயர் தேட வேண்டியிருந்தது.

கொட்டகை மட்டும் இருந்தால் போதாது, கிரீஷ் வேண்டும் என்று சீலுக்குத் தெரிந்தது. கைமேல் 20,000 ரூபாய், மாதம் 350 சம்பளம் என்று பேசி இழுத்துக்கொண்டார். கிரீஷ் அதில் 16,000 ரூபாயைப் பழைய சகாக்களுக்கு ஹாதிபாகான் கட்டடச் செலவுக்குக் கொடுத்தார். பெரிய மனசு, சந்தேகமில்லை. பங்கில்லாத வெறும் சம்பளக்காரராகவே இருந்தும், நாடகத்துக்கு வா என்று அவருக்கு இருபதாயிரம் கொடுக்க ஆள் வந்தது. பினோதினியிடம் ஒருவர் நீட்டிய ஐம்பதாயிரம், நாடகத்தை விடுவதற்கான விலை.